நான் இடித்த நடுச்சுவர்

தோட்டத்து வரிசைவீடான எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. பன்னிரண்டுக்கும் ஒரே கூரை. இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். பேச்சு எனக்கு எப்போதும் வராது. வழியில் நாலு பேர் சேர்ந்து நின்றால் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போகிறவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். ஆனாலும் எழுதுவது பேசுவதைவிடச் சுலபமாக இருக்கிறது. எழுதும்போது எதிரே ஆள் நிற்பதில்லை.

மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பஸ் வந்து திரும்பும் இடத்திலிருந்து இன்னும் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடக்க வேண்டும். அங்கே எனக்குக் கட்டட வேலை. சுவர் பூசுவேன், தகரம் மாற்றுவேன், அடுப்பு கட்டுவேன், அடைத்த தண்ணீர்க் கானைத் தோண்டி விடுவேன். முதலில் கீழே இருக்கிற கிராமத்திலிருந்து ஒரு சிங்கள மேசன் வந்துகொண்டிருந்தார். நான் அவருக்குக் கையாள். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு அவர் வருவது நின்றது. வேலை நிற்கவில்லை. சிமெந்து கேட்டால் ஸ்டோரில் இல்லை என்பார்கள். ஆணி கேட்டால் பழைய ஆணியை நிமிர்த்திக்கொள் என்பார்கள்.

அந்த வருஷங்களில் இரண்டு அரசாங்கத்தின் ஒப்பந்தப்படி ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் இரண்டு வீடு என்று லயம் காலியானது. பதுளை ஸ்டேஷன்வரை கூடப் போய், ரயில் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டுத் திரும்புவோம். அப்படிக் கதறியவர்களே அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் வந்து நிற்பார்கள். பக்கத்துக் காம்பரா சும்மா கிடக்கிறது, நடுச்சுவரில் ஒரு வாசல் வைத்துத் தா என்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரு காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் கல்யாணமான மகன், மருமகள், வயதுக்கு வந்த பெண், இருமுகிற கிழவர், அடுப்பு, விறகு எல்லாம் இருக்க வேண்டும். மூன்று தலைமுறை அப்படி இருந்தவர்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அழுகை கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிடும்.

முதல் வாசல் வைக்கும் முன் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். அவர் பதிவுப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "நான் ஒண்ணும் பாக்கல. நீயும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. போ" என்றார். அதுதான் உத்தரவு.

மூன்று வீட்டுக்கு வாசல் வைத்தேன். அதில் பயமில்லை. வாசலுக்கு மேலே சுவர் அப்படியே இருக்கும், கூரை அதன் மேல் உட்கார்ந்திருக்கும். கூரை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தகரம் மாற்றுவதற்காகப் பல தடவை மேலே ஏறியவன் நான். லயத்தின் நீளத்துக்கு முகட்டில் ஒரு மர வரிசை ஓடும், இரண்டு சரிவிலும் ஒவ்வொரு வரிசை ஓடும். பன்னிரண்டு வீட்டு நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்காது. அதனால் துண்டு துண்டாகத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நடுச்சுவரில் தொடங்கி அடுத்த நடுச்சுவரில் முடியும். இரண்டு துண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரே ஒரு ஆணி. சுவர் இருக்கும்வரை அந்த ஆணி போதும். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஆட்கள் கல் தூக்கி வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் கல் கூடிக்கொண்டேதான் போனது. பழைய கல்லை யாரும் இறக்கவில்லை. அந்தப் பாரமும் நடுச்சுவரின் தலையில்தான்.

நாலாவதாக வந்தவர் சித்தப்பா. அவர் எனக்கு இரத்தச் சொந்தம் இல்லை, லயத்தில் வந்த முறை. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான். நன்றாகப் பேசுவார். என் மனைவிக்கு முதல் பிரசவம் சிக்கலானபோது, துரையின் பங்களா வாசலில் போய் நின்று சத்தம் போட்டு, லொறியை எடுக்கவைத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். நான் அன்றைக்கு லொறிக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன். என் மனைவியும் மகளும் உயிரோடு இருப்பது அவருடைய தொண்டையால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவருடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆடி பிறப்பதற்கு முன்பே கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

"வாசல் வேணாம்ப்பா" என்றார் சித்தப்பா. "வாசல் வெச்சா அது ரெண்டு காம்பராதான். எனக்கு ஒரே வீடா வேணும். பூனாகலையில இருந்து வர்றவன் உள்ள வந்து நின்னு அசந்து போகணும். சுவரை முழுசா எடுத்துரு."

"மேல..." என்றேன்.

"மேல என்னா?"

"மரம்..."

"மரத்துக்கு என்னா?"

சித்தி உள்ளேயிருந்து சிரித்தார். "ஏங்க, அவன் வாயில இருந்து அடுத்த சொல்லு வாறதுக்குள்ள நம்ம புள்ளைக்குப் பேரப்புள்ளை பொறந்துரும். நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவருக்குப் பதிலாக முன்சுவரிலிருந்து பின்சுவருக்குக் குறுக்கே ஒரு உத்தரம் போட வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்கு நல்ல மரம் வேண்டும். ஸ்டோரில் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக் காம்பராவை இடித்தபோது கழற்றிப் போட்ட உத்தரம் ஒன்று தொழிற்சாலைக்குப் பின்னால் மழையில் கிடந்தது. அதை நாலு பேர் தூக்கிவந்து இஸ்தோப்பில் போட்டார்கள். நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் சத்தம் கணீரென்று வந்தது. நடுவில் வரவில்லை. நடுவில் கறையான் தின்றிருந்தது.

"தாங்குமாப்பா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ம்" என்றேன்.

சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. வேறு காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. சுவர் போன பிறகு சித்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தார். திரும்ப நடந்தார். "இந்தா பாரு, வீட்டுக்குள்ளயே நடக்குறேன்" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து ஓடிப் பிடித்து விளையாடின. ஒரு லயத்துக் காம்பராவுக்குள் பிள்ளைகள் ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே பார்க்காமல் இருந்தவரைக்கும்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எதிர்மலையில் கான் வெட்டப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் லயம் முழுதாகத் தெரியும். கூரையின் முகடு எப்போதும் கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும். அன்றைக்கு நேராக இல்லை. சித்தப்பா வீட்டுக்கு மேலே ஒரு குழிவு. நாலு விரல் இருக்கலாம். பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நான் பார்க்கிற பக்கம் பார்த்தார்.

"என்னா தம்பி, ஒன் லயத்துக்கு முதுகு வளைஞ்சிருக்கு? வயசாயிருச்சா?" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தைக் கூடையில் போட்டார். அவரோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளிடம் எனக்குப் பேச்சு வரும்.

"விழுந்துருமா?" என்றாள்.

"சும்மா கெடந்தா கொஞ்ச நாள் தாங்கும். கல்யாணக் கூட்டத்துல யாராச்சும் மேல ஏறுனா தாங்காது. ஆவணிக் காத்துக்கு இன்னும் கல்லு ஏத்துவாங்க. அப்பவும் தாங்காது."

"நம்ம வீடு நாலு காம்பரா தள்ளித்தானே?"

"மரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஆணி அடிச்சது. ஒரு பக்கம் எறங்குனா மத்ததையும் இழுக்கும்."

அவள் சேலை ஏணையில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "போய்ச் சொல்லு" என்றாள். "நீ சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவேன்."

போனேன். சித்தப்பா வீட்டில் அழைப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்தேன். "என்னாப்பா, ஏதும் சொல்லணுமா?" என்று சித்தப்பா கேட்டார். "இல்லீங்க, சும்மா வந்தேன்" என்றேன். திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். அன்றைக்குத் தேத்தண்ணியோடு பலகாரமும் கிடைத்தது. மனைவி கேட்டதற்கு, சொல்லிவிட்டேன், சரிசெய்யச் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் சித்தியே என்னைக் கூப்பிட்டுவிட்டார். முகூர்த்தக்கால் நட வேண்டும். வெளியே பந்தல் போட முடியாது, காற்று பிய்த்து எறிந்துவிடும். "எங்கப்பா நடுறது? நீதானே வீட்டுக்காரன் மாதிரி எல்லாத்தையும் பாக்குற, சொல்லு" என்றார்.

எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது. "நடுவீட்டுல நடலாம் சித்தி."

"வீட்டுக்குள்ளயா?"

"மணவறை உள்ளதானே. கால் அதுக்குப் பக்கத்துல இருக்குறதுதான் முறை" என்றேன். முறை என்ன என்று எனக்குத் தெரியாது. கோயில் பூசாரியைக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மணவறை எங்கேயோ கால் அங்கே, தப்பில்லை என்றார். அன்றைக்கு அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

முகூர்த்தக்காலுக்கு முள்முருங்கைக் கிளைதான் வெட்டுவார்கள். தேயிலைக்கு நிழலுக்காக வைத்த மரம், எங்கும் கிடைக்கும். ஆனால் அது பஞ்சு மாதிரி. கையால் ஒடிக்கலாம். நான் கெட்டியான டர்பன்டைன் மரத்தில் தொடை கனத்துக்கு ஒரு கம்பு வெட்டி வந்தேன். மண் தரையில் குழி தோண்டி, அடியில் தட்டைக் கல் போட்டு, அந்தக் கம்பை உத்தரத்தின் நடுவுக்கு நேர் கீழே நிறுத்தினேன். உச்சியில் இரண்டு ஆப்பு வைத்து மாற்றி மாற்றி அடித்தேன். மேலே தகரம் முனகியது. உத்தரம் ஒரு விரல் அளவு ஏறியது. போதும் என்று நிறுத்தினேன். பிறகு முள்முருங்கைக் கிளையை அதோடு சேர்த்துக் கட்டினேன். சித்தியும் இன்னும் நாலு சுமங்கலிகளும் மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சுக் கட்டி, பால் ஊற்றிக் கும்பிட்டார்கள்.

"இம்புட்டுப் பெரிய கம்பா?" என்றார் சித்தப்பா.

"தலைவர் வீட்டுக் காலு, சின்னதா இருந்தா நல்லா இருக்குமா?" என்றார் பூசாரி. சித்தப்பாவுக்கு அது பிடித்துப்போனது.

முகூர்த்தக்காலை யாரும் அசைக்கமாட்டார்கள். காலில் இடித்தால்கூடத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். மற்ற எந்தக் கம்பை நான் நட்டிருந்தாலும் இடைஞ்சல் என்று பிடுங்கி எறிந்திருப்பார்கள். அந்த ஐந்து நாளும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வியாழக்கிழமை கல்யாணம். பூனாகலையிலிருந்து ஒரு லொறி நிறைய ஆள் வந்தார்கள். வீட்டுக்குள் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். ஒலிபெருக்கிக் குழாயை உயரத்தில் கட்ட வேண்டும் என்று மூன்று பெடியன்கள் கூரையில் ஏறினார்கள். காற்று வந்ததும் இன்னும் இரண்டு பேர் கல்லோடு ஏறினார்கள். நான் உள்ளே காலுக்குப் பக்கத்தில் நின்று ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அவர்கள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஆப்பின் ஓரத்திலிருந்து தூள் கொட்டியது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கேட்டது. பந்தியில் என் இலைக்கு முன் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளையே நல்லாச் சாப்புடுறான், ஒனக்கு என்னாடா வெக்கம்?" என்று யாரோ கேட்டார்கள்.

எதுவும் ஆகவில்லை. கால் பாரத்தைத் தாங்கியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

புறப்படும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வீட்டின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "சம்பந்தி, இது லயமா, கல்யாண மண்டபமா?" என்றார். "எங்களுக்கும் பக்கத்துக் காம்பரா காலியாத்தான் கெடக்கு. மருமக வந்துட்டா, இனி எடம் வேணும். நாங்களும் இடிச்சுர வேண்டியதுதான்."

சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் தோளில் தட்டினார். "இவன் கைவேலைதான். வேணும்னா அனுப்பி வைக்கிறேன்."

"இதுக்கு எதுக்கு ஆளு? சுவர் இடிக்க எங்க பெடியன்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தக் கால்தான் கூரையைத் தாங்குகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்தது சுவர் இல்லாமல் நிற்கிற ஒரு வீட்டை. லொறி புறப்பட்டது. சித்தப்பாவின் மகளும் அழுதுகொண்டே அதில் போனாள்.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை, வேலை விட்டு வந்த பிறகு முகூர்த்தக்காலைப் பிடுங்கி ஆற்றில் விட வேண்டும். அதுவரைக்கும் நட்டு வைத்திருந்தால் போதும் என்பது வழக்கம். அதற்கு மேல் வைத்தால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். சித்தி, சித்தப்பா, அந்த நாலு சுமங்கலிகள், இன்னும் லயத்தில் பாதிப் பேர் வீட்டுக்குள் நின்றார்கள். என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், பிடுங்குவதற்குப் பலம் வேண்டுமே. நான் போய்க் கம்பை இரண்டு கையாலும் பிடித்தேன். பிடித்தபடியே நின்றேன்.

"என்னாப்பா, கட்டிப் புடிச்சிட்டு நிக்கிற? பிரிய மனசில்லையா?" என்றாள் ஒருத்தி.

"இவனுக்கு யாருடா மணவறை போட்டது?" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். சிரிப்பு.

"இதை எடுத்தா கூரை எறங்கிரும்" என்றேன்.

சத்தம் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வந்திருந்தது. சிரிப்பு நின்றது.

சித்தப்பா மேலே பார்த்தார். ஆப்பைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "அப்ப இது முகூர்த்தக்கால் இல்லையா?"

"காலும்தான். முட்டும்தான்."

"உத்தரம் தாங்கும்னியே?"

"நடுவுல கறையான்."

"எப்ப தெரியும்?"

"போடுறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுதான் போட்டியா? அறுபது பேரை, என் மகளை, இதுக்குக் கீழ உக்கார வெச்சியா?"

"ஆமாங்க சித்தப்பா."

அவர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். வாசல் வைத்த மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டுக்கு ஓடி மேலே பார்த்தார்கள்.

சித்திதான் முதலில் பேசினார். முள்முருங்கைக் கிளையின் கட்டை அவிழ்த்துக்கொண்டே, "இதை மட்டும் ஆத்துல விடுவோம். கம்பு நிக்கட்டும்" என்றார். கிளை கையோடு வந்தது. அதைப் பிடித்தபடி அவர் திடீரென்று நின்றார். "ஏங்க, அந்த மனுசன் பூனாகலையில இடிக்கப்போறேன்னு சொன்னாரே. நேத்து ஞாயித்துக்கெழம, லீவு நாள் இல்ல?"

மறுநாள் விடிந்ததும் சித்தப்பாவும் நானும் புறப்பட்டோம். மூன்று கட்டை நடந்து பஸ் ஏறி, பதுளையில் இறங்கி, பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பூனாகலைக்கு ஒரு பஸ். ஒரு சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் சித்தப்பா இரண்டு தேத்தண்ணி சொன்னார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே போய் அவர்தான் பேசுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தன் மண்டபம் முட்டுக்கொடுத்த மண்டபம் என்று புதுச் சம்பந்தியிடம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அதுதான் அவருக்குப் பெரிய பாரம். வழி முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

போய்ச் சேரும்போது பகல் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு ஓடி வந்தார். "வாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. உள்ள வாங்க, பாருங்க, ஒங்க வீட்டைவிடப் பெருசு!"

உள்ளே போனோம். நடுச்சுவர் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. உத்தரம் இல்லை, முட்டு இல்லை. இரண்டு பக்கத்து மரமும் நடுவில் சந்தித்து, ஒரு துருப்பிடித்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆணிக்குப் பக்கத்தில் மரம் வாய் பிளந்திருந்தது. அதற்குக் கீழே, பாதிச் சுவரின் ஓரத்தில் சித்தப்பாவின் மகள் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஆறேழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

சித்தப்பா வாயைத் திறந்தார். மேலே பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வரவில்லை. இந்த மனிதருக்குப் பேச்சு வராமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. யார் இவன் என்று பார்த்தார்கள்.

"வெளிய போங்க!" என்று கத்தினேன். அது என் குரல்தான். தொண்டை எரிந்தது. "தங்கச்சி, சட்டியை விட்டுட்டு எந்திரி. ஓடாத, சுவத்த இடிக்காத, மெதுவா வா. பின்பக்கம் யாரு இருக்கா? அவங்களையும் கூப்புடு. பக்கத்து ரெண்டு வீட்டுக்காரங்களும் வெளிய வரணும்."

"என்னா சம்பந்தி இது?" என்று மாப்பிள்ளையின் அப்பா சித்தப்பாவைக் கேட்டார். "சாப்புடுறவங்கள எழுப்புறான்?"

"அவன் சொல்றதக் கேளுங்க" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் முற்றத்தில் எச்சில் கையோடு நின்றார்கள். நாலு கம்பு வெட்டி வரச் சொன்னேன். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று கையால் காட்டினேன். கம்பு வரும்வரைக்கும் நான் வாசல்படியில் நின்றேன், பிள்ளைகள் யாரும் உள்ளே ஓடிவிடக் கூடாது என்று. ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. அடுப்பை அணைக்க யாரையும் விடவில்லை. கம்பு வந்ததும் நான் மட்டும் உள்ளே போய் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மூன்றாவது கம்புக்கு ஆப்பு அடிக்கும்போது அந்த ஆணி கழன்று என் தோளில் விழுந்தது. மரம் விழவில்லை. கம்பு பிடித்துக்கொண்டது.

சாயங்காலம்வரை ஆனது. சித்தப்பா முற்றத்தில் உட்கார்ந்து சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இடித்ததைக் கட்ட அங்கே நாலு நாள். திரும்பி வந்து சித்தப்பா வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை. அதே பழைய கல், புதுக் களிமண். சித்தப்பா அந்த நாட்களில் வீட்டில் இருக்கமாட்டார், எங்கேயாவது போய்விடுவார். சித்தி கல் எடுத்துக் கொடுப்பார். இந்த முறை சுவரில் ஒரு வாசல் விட்டேன். சுவரின் தலை உத்தரத்தை எட்டியதும், இடைவெளியில் கல் சில்லு வைத்து இறுக்கினேன். பிறகு கம்பின் ஆப்பைத் தட்டினேன். ஆப்பு தானாகக் கீழே விழுந்தது. சுவர் பாரத்தை வாங்கிவிட்டது.

சித்தி அந்த வாசல் வழியாக அந்தப் பக்கம் போனார், திரும்பி இந்தப் பக்கம் வந்தார்.

"மொதல்லயே இப்பிடி ஒரு வாசல் போதும்னு சொல்லியிருக்கலாம்லப்பா" என்றார்.

"சொல்லியிருக்கலாம் சித்தி."

"அந்த மனுசன் கேட்டிருக்கமாட்டாரு."

"அப்பவும் சொல்லியிருக்கலாம்."

கொஞ்சம் களிமண் மிச்சம் இருந்தது. வாசலின் ஓரத்தைப் பூசி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.